மங்கள் பாண்டே: ஒரே ஒரு சிப்பாய்க்கு கம்பெனி ஏன் பயந்தது?

1857 மார்ச் 29. கொல்கத்தாவுக்குப் பக்கத்துல இருக்கிற பாரக்பூர் ராணுவ முகாம். 34-வது வங்காள காலாட்படைச் சிப்பாய் மங்கள் பாண்டே, துப்பாக்கியோடு மைதானத்துக்கு வந்து நின்றார். புதிய தோட்டாக்களில் மாடு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகப் பரவிய பேச்சால் படை முழுக்கக் கொதிப்பு.

1849-ல் வேலைக்குச் சேர்ந்தவர். எட்டு வருஷமாகியும் சாதாரணச் சிப்பாய்தான். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார்... இந்தியருக்கு புரமோஷன் அத்தோட சரி. தலைநரைத்த சுபேதாரும் நேற்று வந்த ஆங்கில அதிகாரிக்குக் கீழேதான்.

அன்று இரண்டு ஆங்கிலேயர்களை பாண்டே வெட்டிக் காயப்படுத்தினார். ஷேக் பல்ட்டு என்ற சிப்பாய் அவரைப் பிடித்துக்கொண்டார். காவலில் நின்ற மற்றவர்கள் உதவிக்கு வரவே இல்லை. கம்பெனியை உலுக்கியது இந்த மௌனம்தான்.

தன்னையே சுட்டுக்கொண்டும் பிழைத்த பாண்டே, ஏப்ரல் 8-ல் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பிடிக்க உத்தரவிடாத ஜமேதார் ஈஸ்வரி பிரசாத்துக்கும் அதே மாதம் தூக்கு.

துருக்கியின் ஒட்டோமான் சுல்தானுக்கும் இதே பயம் இருந்தது. அடிக்கடி கலகம் செய்த தன் ஜானிசரி காலாட்படையை 1826-ல் அவரே ரத்தம் சிந்தி ஒழித்தார். கம்பெனியும் மே 6-ல் பாரக்பூரில் இருந்த 34-வது படையைக் கலைத்தது.

ஆனா, நாலே நாள்ல மீரட் வெடித்தது.