வலி எங்கே பயமாக மாறுகிறது? மூளைக்குள் தேடிய சீர்காழி டாக்டர்

விருத்தாசலம் பீங்கான் சூளையில், சூடு ஆறாத பொம்மையைத் தெரியாமல் தொட்டால் கை சட்டுனு பின்னால் வந்துவிடும். அது தண்டுவடத்தின் வேலை. மூளை யோசிக்கும்வரை காத்திருக்காது. ஆனால் மறுநாள் சூளையைப் பார்த்ததுமே ஒரு பயம் வருதே, அது எங்கிருந்து? மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அந்த இடத்தையே அறுவை சிகிச்சையால் தொட்டவர், சிதம்பரத்தைத் தாண்டியுள்ள சீர்காழியில் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி.

யார் இவர்?

1922 ஜனவரி 30-ல் பிறந்தார். சென்னையில் மருத்துவம் படித்து, இங்கிலாந்தின் நியூகேசிலில் மூளை அறுவை சிகிச்சை கற்றார். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அந்தத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வரில் இவரும் ஒருவர். 1973-ல் பத்மபூஷண்.

சர்ச்சை என்ன?

கட்டுக்கடங்காத ஆவேசம் உள்ளவர்களுக்கு, இவரும் டாக்டர் வி.பாலசுப்பிரமணியம் உள்ளிட்ட குழுவினரும் அமிக்டலாவின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்தனர். 1988-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய 481 சிகிச்சைகள் கணக்கில் உள்ளன. பலர் அமைதியானார்கள் என்றது கட்டுரை. ஆனால் நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தனர். சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் மூளையில், திரும்பப் பெற முடியாத மாற்றத்தைச் செய்யலாமா? 1970-களிலேயே உலகெங்கும் எழுந்த கேள்வி இது.

எலிகள் சொன்னது

2019-ல் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள், எலிகளின் தலையில் குட்டி மைக்ரோஸ்கோப் பொருத்தி அமிக்டலா செல்களைக் கவனித்தனர். வலி வரும்போது குறிப்பிட்ட ஒரு செல் கூட்டம் விழித்துக்கொண்டது. அதை மட்டும் அடக்கியபோது, எலி காலை இழுத்துக்கொண்டது. ஆனால் வலியிலிருந்து தப்பிக்க அவ்வளவாக முயலவில்லை. அதாவது வலி தெரிகிறது, அதன் வேதனை குறைந்துவிடுகிறது.

ராமமூர்த்தி காலத்தில் இப்படிச் செல்களைப் பிரித்துப் பார்க்க வழி இல்லை. தேவையானது, தேவையற்றது எல்லாம் சேர்ந்தே போனது. 2003 டிசம்பர் 13-ல் அவர் காலமானார். இடத்தை அவர் சரியாகவே குறிவைத்தார். எந்த செல் என்று தேடும் வேலை இப்போதுதான் நடக்கிறது. மனிதருக்கு அது சிகிச்சையாகும் நாளிலும், சம்மதம் பற்றிய அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.