லக்சபானாவைக் கண்ட விமலசுரேந்திரா

வடபகுதி முதியோர் சிலர் இன்றும் மின்சாரம் என்று சொல்வதற்குப் பதிலாக லக்சபானா என்றே சொல்வர். மலைநாட்டிலே மஸ்கெலியா ஓயாவில் விழும் ஓர் அருவியின் பெயர், அருவி என்பதையே காணாத வன்னிச் சமவெளியில் விளக்கெரிக்கும் ஒரு பொருளின் பெயராகி வழங்குகின்றது. பெயரை அறிந்தோம், அவ்வருவியினின்று மின்சாரம் எடுக்கலாமெனக் கண்டு, அதன்பொருட்டுத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட பெரியாரை நம்முட் பலர் அறியோம். அவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திரா என்பார்.

அன்னார் 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆந் தேதி தென்னிலங்கையிலே காலி நகரிற் பிறந்தார். கைத்தொழில் நுட்பம் வாய்ந்த குடும்பம் அது. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலே படித்து, பின் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, அக்காலத்து மராமத்து இலாகாவிற் சேர்ந்தார். அங்கே உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியன. சுதேசிகள் அவர்க்குக் கீழ்ப்பட்டு அளவெடுத்தலும் மேற்பார்த்தலும் செய்து காலங்கழிப்பர். விமலசுரேந்திரா அவ்வளவில் அமையாது, இங்கிலாந்து சென்று மின்பொறியியல் கற்று, அந்நாட்டார்க்கு ஒப்பான தகைமையோடு மீண்டார்.

இவர் நீராற்றலைக் கண்டது பொன் தேடப் போன இடத்திலாம். களனி கங்கையின் தலையூற்றுக்களாகிய கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் இரண்டின் பள்ளத்தாக்குகளிலே பொன் கிடைக்குமோவென்று ஆராயும் பணி இளம்பொறியியலாளராகிய இவரிடம் விடப்பட்டது. அங்கே அவர் கண்ணிற்பட்டவை அபர்தீன் அருவியும் லக்சபானா அருவியும். முன்னது 98 மீற்றர் உயரத்தினின்றும், பின்னது 126 மீற்றர் உயரத்தினின்றும் வீழ்வன. அவற்றின் அழகை வியந்து மீண்டோர் பலர். இவரோ அந்நீர் வீழ்வதால் வரும் விசையைக் கணக்கிட்டார்.

அக்கணக்கு நம் மாணாக்கர்க்கும் எட்டக்கூடியதே. நீரின் அளவு ஒன்று, அது விழும் உயரம் ஒன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் ஆற்றல் வரும். ஒரு கன மீற்றர் நீர் ஆயிரங் கிலோ நிறையுடையது. நொடிக்கு ஒரு கன மீற்றராக 100 மீற்றர் உயரத்தினின்று அது இறங்கினால், ஏறத்தாழ 980 கிலோவாற்று வலு உண்டு. குழாயிலும் சக்கரத்திலும் பொறியிலும் கழிவது போக 800 கிலோவாற்றளவில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நீர் மிகுந்திருந்தால் மட்டும் போதாது; அது வீழ்தலும் வேண்டும். நம் கனகராயன் ஆற்றை எண்ணிப் பாருங்கள். மாரியிலே கரைபுரண்டு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலுக்கு உயிர் கொடுக்கிறது. ஆயினும் அது சரிவில்லா நிலத்திலே படர்ந்து செல்லும் ஆறு. சோறு தரும், விளக்கேற்ற மாட்டாது. மலைநாட்டு ஆறுகளோ நெல்லுக்குப் பயன்படுமுன்னே பாறைகளின் மேல் விழுந்து தம் வலுவைச் சிதறவிட்டு வந்தன.

தாம் கண்டதைச் செய்து காட்டும் வாய்ப்பு நுவரெலியாவிற் கிடைத்தது. நானு ஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்திலே 1912ஆம் ஆண்டளவில் அவர் ஒரு சிறு நீர்மின்னிலையம் அமைத்தார். அதிலிருந்து நுவரெலியா நகருக்கு ஒளி சென்றது. ஆங்கிலத் துரைமார் கோடைக்கு வந்து தங்கும் ஊராதலின் அந்தச் சிறுமுயற்சிக்குத் தடை எழவில்லை போலும்! தடை எழுந்தது பெருமுயற்சிக்கே.

1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்திலே அவர் ஓர் ஆய்வுரை அளித்தார். இலங்கையில் ஆற்றலைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றியது அது. மேற்குறித்த இரு ஓயாக்களையும் அணைகட்டித் தேக்கினால் ஒரு லட்சம் கிலோவாற்றுக்கு மேற்பட்ட மின்வலுவைப் பெறலாமென்று அதில் நிறுவினார். அக்காலத்திலே கொழும்பின் மின்சாரம் எரிபொருளை எரித்துப் பெறப்பட்டது. அவ்வெரிபொருளோ கப்பலில் வரவேண்டும். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றேனும் இல்லாத இத்தீவு, தன் மலைகளில் இடையறாது விழும் நீரை விட்டுவிட்டுப் பிறநாட்டுக் கரிக்குக் காசு கொடுப்பது எவ்வகையில் முறையாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். கணக்கிலே குறை காண்பார் இல்லை. எனினும் செலவு பெரிது, அவ்வளவு மின்சாரத்தை வாங்குவார் யார் என்று அதிகாரிகள் தட்டிக்கழித்தனர். அடிமை நாட்டிலே அறிவுக்கு நேர்ந்த கதி இது. மலைநாட்டில் விளைந்த தேயிலைக்காக இருப்புப்பாதை போடப் பணம் கண்ட அரசுக்கு, அம்மலைநாட்டு நீரைப் பயன்கொள்ளப் பணம் காண நெடுங்காலம் ஆயிற்று.

இவ்விடத்து டென்மார்க்கு நாட்டுப் போல் லா கூர் என்பாரை நினைத்தல் பொருந்தும். அவர் நம்போல் ஓர் ஆசிரியர். அஸ்கோவ் என்னும் சிற்றூரிலே குடியானவர் பிள்ளைகள் படிக்கும் உயர்பள்ளியிலே கற்பித்துக்கொண்டு, 1891ஆம் ஆண்டு காற்றாடியொன்றை நிறுவி அதனால் மின்சாரம் பிறப்பித்தார். காற்று ஓய்ந்த பொழுதுக்கு என் செய்வது? மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன் வாயுவைச் சேமித்து, அதைக் கொண்டு பள்ளிக்கூடத்து விளக்குகளை எரித்தார். கிராமத்து இளைஞர்க்கு மின்தொழில் கற்பித்து ஊரூராக அனுப்பினார். 1908இல் அவர் மறைந்த பின்னும் அவ்வித்து முளைத்து மரமாயிற்று. காற்றாலைத் தொழிலிலே டென்மார்க்கு பின்னாளில் உலகின் முன்வரிசையில் நின்றது. லா கூருக்கு அவர் அரசு பொருளுதவி செய்தது. விமலசுரேந்திராவுக்கு அவர் சேவித்த அரசே முட்டுக்கட்டையாயிற்று. இருவர்க்கும் அறிவிலே ஏற்றத்தாழ்வு காண எனக்குத் தோன்றவில்லை.

1920களிலே லக்சபானா வேலை தொடங்கப்பட்டதுதான். ஆனால் பணமுடை காட்டி இடையில் நிறுத்தப்பட்டது. விமலசுரேந்திரா வெறுப்புற்று ஒதுங்கினாரல்லர். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின், அலுவலகத்திற் கேளாத காதுகள் சபையிலாவது கேட்குமென்று கருதினார் போலும். சர்வசன வாக்குரிமை வந்தபின் 1931ஆம் ஆண்டு நடந்த முதற்றேர்தலிலே இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபையுட் புகுந்தார். அங்கும் அவர் விடாது பேசியது நீர்மின் திட்டத்தைப் பற்றியே. முப்பதுகளின் பிற்பகுதியில் வேலை மீண்டுந் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர் வந்து மறுபடியும் தடுத்தது.

ஈற்றில் 1950ஆம் ஆண்டு லக்சபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தின் வலு 25,000 கிலோவாற்று. ஆய்வுரை அளித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுத்திலிட்டபோது நடுவயதினராயிருந்தவர் எழுபத்தாறாம் வயதிலே அதைக் கண்டார். 1953ஆம் ஆண்டு ஓகஸ்து 10ஆந் தேதி அவர் காலமானார்.

அவர் கண்ட ஒளி எல்லார்க்கும் ஒருபடித்தாய்ச் சென்றதெனச் சொல்ல முடியாது. அவ்வாறுகளின் கரையிலேயே தேயிலை கொய்த நம் தமிழ்த் தொழிலாளர் பலருடைய லயன் அறைகளுக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா ஊர் நீரில் மூழ்கிற்று. வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலின் சிதைவுகள் வெளித்தோன்றுகின்றன. வன்னியிலோ 1990இன் பின் இருள். சாம் போத்தலுக்குள்ளே சிறுதிரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த சிக்கன விளக்கின் முன் ஒரு தலைமுறை படித்தது. யானும் நன்னூலை அவ்வொளியிலேதான் கற்பித்தேன். துவிச்சக்கர வண்டியை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்சியை மின்னாக்கும் அதே விதிதான் லக்சபானாவிலும் உள்ளது. அங்கே மிதிப்பது அருவி. 2012, 2013ஆம் ஆண்டுகளிலே உயரழுத்த மின்கம்பிகள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் போடப்பட்டன.

எரிபொருளை நம்பியிராதே என்ற அவர் எச்சரிக்கையின் பொருள் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே தீவு முழுவதற்கும் விளங்கிற்று. டீசல் வாங்கப் பணமில்லை, நீர்த்தேக்கங்களும் தாழ்ந்தன. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. நீரை மட்டும் நம்பினும் மழை பொய்த்தாற் கேடு என்பதையும் அவ்வாண்டு காட்டியது. இப்போது பளையிலும் மன்னாரிலும் காற்றாடிகள் சுழல்கின்றன. மன்னார்க் காற்றாலை மட்டும் 100 மெகாவாற்று. வீழும் நீர் நமக்கில்லை. வீசும் காற்று உண்டு.

1965ஆம் ஆண்டு நோட்டன் பிரிட்ஜ் அருகே எழுந்த 50 மெகாவாற்று நிலையத்துக்கு விமலசுரேந்திராவின் பெயர் சூட்டப்பட்டது. காசல்றீ நீர்த்தேக்கத்து நீர் அங்கே இறங்கி ஒருமுறை உழைத்து, நோட்டன் குளத்திற் சேர்ந்து, பின் பழைய லக்சபானாவில் இறங்கி மறுமுறையும் உழைத்துக் களனியை நோக்கிச் செல்கின்றது.