தன் கட்டிலைக் கொடுத்த தாதி

பிரான்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையிலே கன்கால் என்றொரு மீன்பிடி ஊர். 1792ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் ஜான் ஜுகான். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராதபோது அவர் சின்னஞ்சிறு பிள்ளை.

இருபத்தைந்து வயதளவில் சென் செர்வான் நகர வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் அங்கே பாடுபட்டு, உடல் தளர்ந்து வெளியேறினார். பின்னர் லெகொக் என்னும் அம்மையாரின் வீட்டில் பணிப்பெண்ணாக அமர்ந்து, 1835இல் அவர் கண்மூடும்வரை உடனிருந்து பார்த்தார். பெயருக்குத்தான் எஜமானியும் வேலைக்காரியும். இருவரும் தோழியராகவே வாழ்ந்தனர். நோயாளியை ஒரு ஆளாக மதித்துப் பராமரிக்க அந்தச் சிறு வீடே அவருக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லலாம்.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலம். கண்பார்வை இழந்து, பாரிசவாதத்தால் முடங்கிய ஆன் சோவின் என்னும் முதியவள் ஆதரவின்றிக் கிடந்தாள். தன்னோடு குடியிருந்தவர்களின் சம்மதத்தைப் பெற்று, ஜான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலிலே கிடத்தினார். தாம் மேல்மாடத்தில் படுத்துக்கொண்டார்.

முதியவர்கள் பெருகினர். சோறு போடுகிறோமே, சொன்னபடி கிடவுங்கள் என்று அவர் அவர்களை மூலையில் இருத்தவில்லை. இயன்றவர்கள் நூல் நூற்றனர். கையில் தொழில் இருந்தது. பிச்சையெடுத்துப் பழகிய கிழவிகளிடம், வழக்கமாகத் தருமம் கொடுப்பவர்கள் யார் யாரென்று கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு தாமே வீடு வீடாகப் போனார். வெட்கத்தைத் தாம் ஏற்று, மானத்தை அவர்களுக்கு விட்டார். இப்படித்தான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை உருவாயிற்று. சாகும் தறுவாயில் உள்ளவரைத் தனியே விடாது, இரவு பகலாக அருகிருப்பது அச்சபையின் வழக்கம்.

பிறருடைய விருப்பத்தை இவ்வளவு மதித்தவரின் குரல் அடக்கப்பட்டதுதான் வேதனை. 1843இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிந்தனர். சபையை வழிநடத்திய குரு லெ பையர் அத்தெரிவைத் தள்ளி, இளையவரான மாரி ஜமேயை நியமித்தார். 1852இல் ஜான் தாய்மடத்துக்கு அழைக்கப்பட்டு, வெளிப்பணி எதுவுமின்றி ஒதுக்கப்பட்டார். சபையைத் தொடங்கியவர் இவரே என்பதை அறியாமலே இளம் சகோதரிகள் அவரோடு வாழ்ந்தனர். இருபத்தேழு ஆண்டுகள். முணுமுணுக்கவில்லை.

1879 ஆகஸ்ட் 29இல் அவர் இறைவனடி சேர்ந்தபோது சபையில் ஏறக்குறைய 2,400 பேர் இருந்தனர். பின்னாளில் அவர்கள் கொழும்புக்கும் வந்தனர். லெ பையரை உரோமாபுரி 1890இல் பதவி நீக்கியது. ஜான் ஜுகானுக்குத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009இல் புனிதர் பட்டம் அளித்தார்.