காற்றில் கரைந்த காமெடி, ரசிகர்கள் மீட்ட குரல்: யார் இந்த டோனி ஹான்காக்?

1961-ல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த ஒரு காமெடி எபிசோடு. அறை முழுக்க ரேடியோ கருவிகள். நடுவில் ஹெட்போனுடன் ஒரு ஆள். உலகம் பூரா தனக்கு நண்பர்கள் இருப்பதாக அவருக்கு ஒரு பெருமை. திடீரென்று, கடலில் ஆபத்தில் மாட்டிய ஒரு படகிலிருந்து உதவி கேட்டுக் குரல் வருகிறது. படகு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனா பென்சில் முனை உடைகிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். போதாக்குறைக்கு ரேடியோ வால்வும் போய்விடுகிறது.

அந்த எபிசோடின் பெயர் 'தி ரேடியோ ஹாம்'. நடித்தவர் டோனி ஹான்காக். 2002-ல் பிபிசி வானொலி நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டனின் தலைசிறந்த காமெடியனாக நேயர்கள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். அப்போது அவர் இறந்து 34 வருஷம் ஆகியிருந்தது.

ஆனா அந்த மகா கலைஞன் பிபிசி தொலைக்காட்சித் தொடரில் நடித்த 63 எபிசோடுகளில் இன்றைக்கு இருப்பது 37 மட்டுமே. மற்ற 26 எபிசோடுகளுக்குப் படச்சுருளும் இல்லை, டேப்பும் இல்லை. மீட்க முடிந்த கொஞ்சநஞ்சத்தையும் காப்பாற்றியதில் பெரும் பங்கு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூரத்துக் குரலைத் தேடும் பொழுதுபோக்கு ஆட்களுடையது.

ஹோட்டல்காரர் மகன்

1924 மே 12 அன்று பர்மிங்ஹாமின் ஹால் கிரீன் பகுதியில் பிறந்தார் ஹான்காக். சின்ன வயதிலேயே குடும்பம் கடலோர நகரமான போர்ன்மத்துக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் அங்கே ஹோட்டல் நடத்தினார்கள். அப்பா ஜான் ஹான்காக்கும் மேடையேறிச் சிரிக்க வைப்பவர்தான். ஆனா மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942-ல் விமானப்படையில் சேர்ந்தார் ஹான்காக். வீரர்களை மகிழ்விக்கும் நாடகக் குழுவில் மேடை கிடைத்தது. போர் முடிந்ததும் லண்டன் விண்ட்மில் தியேட்டர், அப்புறம் வானொலியில் சின்னச் சின்ன வாய்ப்புகள். 1951-ல் 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' வானொலித் தொடர் அவரை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது.

வாழ்க்கையை மாற்றியது இரண்டு இளம் எழுத்தாளர்களின் நட்பு. ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற அந்த இருவரும் காசநோய் சிகிச்சை மையத்தில் நோயாளிகளாகச் சந்தித்து நண்பர்களானவர்கள். நடுவில் பாட்டு, துணுக்கு என்று எதையும் செருகாமல், அரைமணி நேரமும் ஒரே கதையாக ஓடும் காமெடி எழுத வேண்டும் என்பது இவர்கள் ஆசை. 1954 நவம்பர் 2 அன்று பிபிசி வானொலியில் 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' தொடங்கியது.

கதாபாத்திரத்தின் பெயரும் ஹான்காக்தான். ஈஸ்ட் சீம் என்ற கற்பனைப் புறநகரில், ரயில்வே கட்டிங்ஸ் தெரு 23-ம் எண் வீட்டில் குடியிருப்பவர். தன்னைப் பெரிய மேதை என்று நம்புபவர். ஊர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. புலம்பல், பொறாமை, வெட்டிப் பெருமை எல்லாம் உண்டு. ஆனாலும் அவரை வெறுக்கத் தோன்றாது. வானொலியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் வந்தன. 1956 ஜூலையில் தொலைக்காட்சிக்கும் போனார். இன்றைக்கு சிட்காம் என்று சொல்லப்படும் வடிவத்துக்கு பிரிட்டனில் அஸ்திவாரம் போட்ட தொடர்களில் இது முக்கியமானது.

ஏன் அழித்தார்கள்?

இவ்வளவு புகழ்பெற்ற தொடரை யாராவது அழிப்பார்களா? அந்தக் காலத்தில் அது அன்றாட அலுவலக வேலை.

ஆரம்ப எபிசோடுகள் நேரடியாக ஒளிபரப்பானவை. பதிவு வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துத் தனியாகப் படமெடுக்க வேண்டும். இதற்கு டெலிரெக்கார்டிங் என்று பெயர். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்யவில்லை. அப்புறம் வந்த வீடியோ டேப்பின் விலை மிக அதிகம். அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதியலாம் என்பதால் அப்படியே செய்தார்கள்.

நடிகர்கள், இசைக்கலைஞர்கள் சங்கங்களுடன் போட்ட ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோ கேசட் கிடையாது. 1967-ல் பிரிட்டன் தொலைக்காட்சிக்குக் கலர் வந்தபிறகு, கறுப்பு வெள்ளையை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 1970-களின் பிற்பகுதியில்தான் பிபிசி முறையான காப்பகக் கொள்கைக்கு வந்தது. அதற்குள் போனது போனதுதான்.

ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டவர்

அலுவலகம் டேப்புகளைக் கழித்துக்கட்டியது என்றால், ஹான்காக் மனிதர்களைக் கழித்துக்கட்டினார். குரல் மாற்றிப் பேசி கைதட்டல் வாங்கிய கென்னத் வில்லியம்ஸின் பங்கு மெல்லக் குறைந்தது. கூட்டாளியாக வந்த சிட் ஜேம்ஸுடன் தன்னை இரட்டையராகவே மக்கள் பார்க்கிறார்கள் என்ற உறுத்தல் ஹான்காக்குக்கு. 1960-ம் ஆண்டுத் தொடரோடு அவரும் வெளியே. அதே ஆண்டு ஜான் ஃப்ரீமன் நடத்திய 'ஃபேஸ் டு ஃபேஸ்' பேட்டியில், சிரிப்பு நடிகரின் முகத்துக்குப் பின்னால் இருந்த தீராத அமைதியின்மையை நாடே பார்த்தது.

1961-ல் தனியாக நடித்த தொடர்தான் அவருடைய உச்சம். அதிலும் 'தி பிளட் டோனர்' இன்றுவரை பேசப்படுவது. ஆனா படப்பிடிப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு கார் விபத்து. தலையில் அடி. வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வசனத்தை எழுதிக் காட்டி எடுத்தார்கள். கூர்ந்து பார்த்தால், ஹான்காக்கின் கண்கள் எதிரே இருப்பவரைத் தாண்டிப் போவது தெரியும். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. பிறகும் வசனத்தைப் படித்தே நடித்தார்.

அதே 1961-ல் கால்டன், சிம்ப்சன் இருவரையும் பிரிந்தார். அவர்கள் அடுத்த ஆண்டே 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எழுதி மறுபடி ஜெயித்தார்கள். ஹான்காக்குக்கு அப்படியொரு எழுத்து பிறகு அமையவில்லை. குடி கூடியது. முதல் திருமணம் முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. ஒரு தொடருக்காக ஆஸ்திரேலியா போனவர், 1968 ஜூன் 25 அன்று சிட்னியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 44.

அலமாரியில் இருந்த டேப்புகள்

ஹான்காக் உச்சத்தில் இருந்தபோது பிரிட்டனில் சில வீடுகளில் டேப் ரெக்கார்டர் வந்திருந்தது. ரேடியோவின் முன்னால், சில சமயம் தொலைக்காட்சியின் முன்னாலும், மைக்கை வைத்துப் பிடித்த எபிசோடுகள் அலமாரிகளில் தங்கிவிட்டன. 1976-ல் ரசிகர்கள் சேர்ந்து டோனி ஹான்காக் அப்ரிசியேஷன் சொசைட்டியைத் தொடங்கினார்கள்.

வானொலி எபிசோடுகள் பல பிழைத்ததற்கு இன்னொரு காரணம், வெளிநாட்டு நிலையங்களுக்காக பிபிசி வெட்டிக் கொடுத்த இசைத்தட்டுகள். ஆனா அவற்றில் பிரிட்டனுக்கு மட்டும் புரியும் வரிகளை நீக்கிவிடுவார்கள். எனவே தட்டிலிருந்து தெளிவான ஒலியை எடுத்து, விடுபட்ட வரிகளை வீட்டு டேப்பிலிருந்து ஒட்ட வேண்டும். பழைய ரெக்கார்டர் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது என்பதால் குரல் ஏறி இறங்கும்; அதையும் சமன் செய்ய வேண்டும். அரைமணி எபிசோடுக்கு மாதக்கணக்கில் உட்காருவார்கள்.

1955-ல் ஒலிபரப்பாகிக் காணாமல் போன 'தி மேரேஜ் பீரோ' எபிசோடு, ஒரு நேயர் பிடித்து வைத்த டேப்பிலிருந்து 2022-ல் இப்படித்தான் மீண்டது. கென்னத் வில்லியம்ஸுக்குப் பதிலாக பீட்டர் செல்லர்ஸ் நடித்த எபிசோடு அது. ஒலிகூடக் கிடைக்காத கதைகளுக்கு எழுத்துப் பிரதி கைகொடுத்தது. 2014-ல் தொடங்கிய 'தி மிஸ்ஸிங் ஹான்காக்ஸ்' தொடரில், பழைய வசனங்களை நடிகர் கெவின் மெக்னலி ஹான்காக்கின் குரலில் மறுபடி நடித்தார். அதைக் கேட்க கால்டனும் சிம்ப்சனும் உயிரோடு இருந்தார்கள்.

எழுத்தாளர்களின் சொந்தச் சேமிப்பும் உதவியிருக்கிறது. 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் கலர் டேப்புகள் பல அழிக்கப்பட்டன. கால்டனும் சிம்ப்சனும் வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளில்தான் அந்தக் கதைகள் பிழைத்தன.

ஒரு பைன்ட் எவ்வளவு?

எபிசோடு கிடைத்துவிட்டால் அடுத்த வேலை சப்டைட்டில். ஹான்காக்கின் நகைச்சுவையில் பாதி, பேசாமல் நிற்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில்தான் இருக்கிறது. வரி கொஞ்சம் முந்தித் திரையில் வந்துவிட்டால், முகம் மாறுவதற்குள் ஜோக் போய்விடும்.

சொற்களும் எளிதல்ல. 1971 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. அந்தக் கணக்கில் வரும் ஜோக்கை இன்றைய காசுக்கு மாற்றினால் சிரிப்பு வராது. 'தி பிளட் டோனர்' கதையில், ஊசியால் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தோடு தன் தானம் முடிந்தது என்று நினைக்கிறார் ஹான்காக். டாக்டர் கேட்பதோ ஒரு பைன்ட். அதை 568 மில்லி என்று எழுதினால் கணக்கு சரி, காமெடி காலி. பைன்ட் என்றே விட்டால், அந்த அளவே தெரியாதவருக்கு என்ன புரியும்? ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் போவது இப்படித்தான்.

இதில் பெரிய காசு கிடையாது. காப்புரிமை பிபிசியிடமும் எழுத்தாளர் தரப்பிடமும் இருப்பதால், மீட்டவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் தேடுகிறார்கள். வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது பெயர் எழுதாத பழைய டேப்புகளும் குப்பைக்குப் போகின்றன. அதில் எதில் ஹான்காக்கின் குரல் இருக்கிறது என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

'தி பிளட் டோனர்' கதையின் முடிவில், ஹான்காக் ரொட்டி வெட்டும் கத்தியால் கையை வெட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவருக்கு ஏற்றப்படுவது, அவரே கொடுத்த ரத்தம். யாரோ ஒருவருக்குப் போகட்டும் என்று கொடுத்தது, அங்கே பத்திரமாக இருந்தது.