கணக்கில் வராத பாலாறு

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எனத் தொடரும் தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் உச்சநீதிமன்றம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அத்தீர்ப்பு அறிவித்தது. தொழிலின் இலாபம் எழுதப்படும் பேரேட்டில் ஆறும் மண்ணும் அடைந்த இழப்பும் எழுதப்பட வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இதே சிந்தனையை அரை நூற்றாண்டுக்கு முன்பே பொருளாதாரக் கோட்பாடாக வகுத்தவர் ஜே.சி. குமரப்பா.

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்று பெயரிட்டனர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர், பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். இந்திய வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரவு செலவு முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவருடைய கட்டுரை, 1929-இல் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. கதர் உடுத்தினார், குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்றார்.

குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களில் உழவர் குடும்பங்களின் பொருளாதார நிலையை ஆய்வு செய்தார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். நெல் குத்துதல், எண்ணெய் ஆட்டுதல், தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு தோல் பதனிடுதலையும் அச்சங்கம் வளர்த்தது. ஆகவே, குமரப்பாவைத் தோல் தொழிலின் எதிரியாகக் கருத இடமில்லை.

சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’, இயற்கை வளங்களை இருவகையாகப் பிரிக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஆற்று நீரும் வளரும் காடும், அளவறிந்து பயன்படுத்தினால் என்றும் வற்றாத வரத்து. மனிதரின் பொருளீட்டலையும் அவர் தரம் பிரித்தார். இரையைக் கொன்று தின்னும் புலி, வளத்தின் மூலத்தையே அழிப்பதற்கு எடுத்துக்காட்டு. தேனைத் திரட்டும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும் தேனீ, பெற்றதற்கு ஈடு செய்யும் வாழ்வுக்கு எடுத்துக்காட்டு.

இந்த அளவுகோலைப் பாலாற்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தோல் தொழில் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்நியச் செலாவணியையும் ஈட்டுகிறது. ஆனால், உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நிலத்தடி நீரில் இறங்கினால், வரத்தாக இருந்த வளம் தீர்ந்துபோகும் இருப்பாக மாறிவிடுகிறது. கிணறு கெட்ட உழவரின் இழப்பு எந்த ஆலையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்த குமரப்பா, இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார். அதே ஜனவரி 30 அன்று, 2025-இல், பாலாற்று மாசு வழக்கில் உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.

இழப்பீடு கடந்த காலத்தின் கடனைத் தீர்க்கும். ஆற்றைக் காப்பது அன்றாடப் பொறுப்பு. பதனிடும் தோலை ஊறவைக்கும் முன் அதில் ஒட்டிய உப்பை உதறிச் சேகரிப்பது ஆலையின் கடமை. நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதிருப்பது நகராட்சியின் கடமை. ஏரியையும் வரத்துக் கால்வாயையும் தூர்வாரி, ஆக்கிரமிப்பின்றிக் காப்பது ஊராரும் அரசும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமை. இவற்றுக்கு ஆகும் செலவை வீண் செலவாக எண்ணுவது பிழை. அது ஆற்றுக்கு நாம் திருப்பித் தர வேண்டிய பங்கு. அந்தப் பங்கையும் எழுதிய பிறகே இலாபக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதுதான் குமரப்பா விட்டுச் சென்ற பாடம்.