யோகமும் சரணாகதியும்: ஸ்ரீமந் நாதமுனிகளின் திருச்சரிதம்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, ஸேதுக்கரையை அடுத்து விளங்கும் பாண்டிநாட்டுத் திவ்யதேசம் திருப்புல்லாணி. ஆதி ஜகந்நாதப் பெருமாள் பத்மாஸனித் தாயாருடன் எழுந்தருளியிருக்கும் இத்தலத்திற்குத் தர்ப்பசயனம் என்றும் திருநாமம் உண்டு. இலங்கைக்கு வழி வேண்டி, சக்கரவர்த்தித் திருமகன் தர்ப்பைப் புல்லைப் பரப்பி, தன் திருக்கையையே தலையணையாகக் கொண்டு, மூன்று இரவுகள் கடலரசனை நோக்கிக் கிடந்த இடம் இது. திருமங்கையாழ்வார் இத்தலத்திற்கு இரண்டு திருமொழிகளை அருளிச்செய்தார். அத்திருமொழிகள் மட்டுமன்றி, ஆழ்வார்கள் அருளிய நாலாயிரமும் ஒரு காலத்தில் உலகில் வழக்கொழிந்து மறைந்திருந்தன. அவற்றை மீட்டுத் தந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். மீட்பதற்கு அவர் கைக்கொண்ட ஸாதனம் யோகம். ஆகையால் திருப்புல்லாணிக்கு வரும் அடியார்கள் அவருடைய சரிதத்தை அறிந்திருத்தல் பொருத்தமே.

காட்டுமன்னார்கோயில் என்று இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில், சொட்டைக் குலத்தில், ஈச்வரபட்டருக்குத் திருக்குமாரராக, ஆனி மாதம் அனுஷ நக்ஷத்திரத்தில் அவர் திருவவதரித்தார். இயற்பெயர் ரங்கநாதர். யோகத்தில் நிலைபெற்றிருந்த காரணத்தால் முனி என்னும் பெயர் சேர்ந்து நாதமுனிகள் ஆனார். குருபரம்பரையின் கணக்கு அவருடைய அவதாரத்தைக் கி.பி. 823 என்று கொள்ளும். சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் அவருடைய காலத்தைப் பத்தாம் நூற்றாண்டோடு சேர்த்துக் கூறுவர். வீராணம் ஏரியும் மன்னனார் திருக்கோயிலும் அவ்வூரின் பெருமைகள்.

நாதமுனிகள் குடும்பத்தோடு வடநாடு சென்று, யமுனைக் கரையில் தங்கிக் கண்ணனைத் தியானித்துக் கொண்டிருந்தார். மன்னனார் கனவில் தோன்றித் திரும்ப அழைக்கவே, வீரநாராயணபுரத்திற்கு மீண்டு கைங்கர்யத்தில் ஈடுபட்டார். ஒரு நாள் யாத்திரையாக வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர், திருக்குடந்தைப் பெருமாள் விஷயமான பத்துப் பாசுரங்களைச் சந்நிதியில் ஸேவித்தனர். இவை ஆயிரத்துள் ஒரு பத்து என்று பாசுரத்தின் முடிவிலேயே குறிப்பு இருந்தது. எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்களுக்கு அந்தப் பத்துக்கு மேல் தெரியவில்லை.

அன்றுமுதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருக்குடந்தை சென்றார்; அங்கிருந்து நம்மாழ்வாரின் அவதாரத்தலமான திருக்குருகூரை அடைந்தார். அங்கும் ஆயிரம் பாசுரங்களை அறிந்தார் எவருமில்லை. மதுரகவியாழ்வாரின் வழியில் வந்த பராங்குசதாஸர் என்னும் பெரியவர், கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே தம்மிடம் எஞ்சியிருப்பதாகச் சொல்லி அதை உபதேசித்தார். நம்மாழ்வார் வீற்றிருந்த திருப்புளிய மரத்தடியில் நாதமுனிகள் அமர்ந்தார். நியமத்தோடு, மனத்தை ஆழ்வார் திருவடியிலேயே நிறுத்தி, அந்தப் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். ஆழ்வார் யோகதசையில் ஸாக்ஷாத்கரித்து, திருவாய்மொழியோடு நாலாயிரத்தையும் பொருளுடன் அருளினார்.

யோகசாஸ்திரம் எட்டு அங்கங்களைக் கூறுகிறது. யமமும் நியமமும் ஒழுக்கத்தைத் தருவன. ஆசனம் உடலை நிலைப்படுத்தும். பிராணாயாமம் மூச்சைச் சீராக்கும். பிரத்யாஹாரம் புலன்களை வெளியிலிருந்து மீட்கும். தாரணையும் தியானமும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தி, எண்ணெய் ஒழுக்குப்போல் இடையறாது செலுத்தும். ஸமாதியில் தியானிக்கப்படும் பொருளே நிறைந்து நிற்கும். புளிய மரத்தடியில் நாதமுனிகள் இருந்த இருப்பில் இந்த எட்டும் அமைந்திருந்தன. தம் உடல் நலத்தையோ, அணிமா முதலிய ஸித்திகளையோ அவர் நாடவில்லை. இழந்த செல்வத்தை உலகுக்கு மீட்பதே அவர் வேண்டிய பயன்.

ஊர் திரும்பிய நாதமுனிகள், தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வானையும் கீழையகத்தாழ்வானையும் கொண்டு பாசுரங்களுக்குத் தேவகானத்தில் இசை அமைத்தார். திருவரங்கத்து அத்யயன உத்ஸவத்தில் நாலாயிரமும் முறையாக ஸேவிக்கப்படும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவரே என்பர். திருப்புல்லாணித் திருமொழிகளும் அந்த வழியாகவே இந்தக் கடற்கரைக்கு மீண்டு வந்தன.

அவரை ஆச்ரயித்த சிஷ்யர்களுள் உய்யக்கொண்டாரும் குருகைக்காவலப்பனும் முக்கியமானவர்கள். யோகமா, பிரபந்தப் பொருளா, எதை வேண்டுகிறீர் என்று ஆசார்யர் கேட்டபோது குருகைக்காவலப்பன் யோகத்தை வேண்டினார். உய்யக்கொண்டாரோ, உலகத்து ஜீவர்கள் ஸம்ஸாரத்தில் உயிரற்றவர்போல் கிடக்கையில், துக்க வீட்டில் ஒருவன் தன் கல்யாண சுகத்தை எண்ணுவதுபோலத் தாம் மட்டும் யோக இன்பத்தை அனுபவிப்பது தகாது என்னும் கருத்தைத் தெரிவித்தார். உலகம் உய்யும் வழியாகப் பிரபந்தத்தின் பொருளையே பெற்றுக்கொண்டார். அதனாலேயே அவருக்கு அந்தத் திருநாமம் வாய்த்தது.

தம் குமாரர் ஈச்வரமுனிக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடும்படி நாதமுனிகள் நியமித்தார். அந்தப் பேரனுக்குத் தரிசனப் பொருள் சேரவேண்டிய பொறுப்பை உய்யக்கொண்டாரிடமும், யோகரகஸ்யத்தைக் குருகைக்காவலப்பனிடமும் ஒப்படைத்தார்.

அவருடைய திருநாட்டு எழுந்தருளல் கல்லையும் கரைப்பது. ஒரு நாள் யோகத்தில் ஆழ்ந்திருந்தார். அப்போது அரசன் பரிவாரத்தோடு அவ்வழியே வந்து சென்றான். யோகம் கலைந்து எழுந்தபோது, வில் ஏந்திய இருவர், ஒரு பெண்பிள்ளை, ஒரு குரங்கு ஆகியோர் வந்து தேடிப் போனதாக வீட்டில் உள்ளோர் கூறினர். கேட்ட மாத்திரத்தில், வந்தவர்கள் இராமலக்ஷ்மணரும் பிராட்டியும் சிறிய திருவடியுமே என்று நிச்சயித்து, அடிச்சுவடு பார்த்துப் பின்னே ஓடினார். எங்கும் காணாமல், பிரிவு பொறாது அவர் திருமேனி சாய்ந்தது. கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்த சொர்க்கப்பள்ளம் அவருடைய திருவரசாகப் போற்றப்படுகிறது. வாழ்நாளெல்லாம் மனத்தை அடக்கிப் பழகிய யோகி, இறுதியில் அடக்க மாட்டாத அன்பினாலே போனார்.

எஞ்சிய கதை பேரனைப் பற்றியது. ஆளவந்தார் எனப் புகழ்பெற்ற யமுனைத்துறைவரை, உய்யக்கொண்டாரின் சிஷ்யரான மணக்கால் நம்பி திருவரங்கத்திற்கு மீட்டு வந்தார். பாட்டனாரின் யோகரகஸ்யம் குருகைக்காவலப்பனிடம் இருப்பதைக் கேட்டு, ஆளவந்தார் அவரைத் தேடிச் சென்றார். அப்பன், தை மாதப் பூசத்தன்று தாம் உடலை விடப்போவதாகவும், அந்த நாளில் வந்தால் அதை உபதேசிப்பதாகவும் சொல்லி, நாளை ஓர் ஓலையில் எழுதிக் கொடுத்தார். பிறகு திருவரங்கத்தில் அரையர் ஸேவையில் திருவனந்தபுரத்துப் பாசுரங்களைக் கேட்ட ஆளவந்தார், அந்த ஆவேசத்தில் சிஷ்யர்களோடு திருவனந்தபுரம் புறப்பட்டுவிட்டார். அங்கே ஓலையைப் பிரித்துப் பார்க்கையில், அப்பன் குறித்த நாள் அன்றைய நாளாகவே இருந்தது. ஒரு புஷ்பக விமானம் கிடைக்கவில்லையே என்று வருந்தினார். யோகரகஸ்யம் அப்பனோடு போயிற்று. நாதமுனிகள் அருளிய நியாயதத்துவம் முதலிய நூல்களும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில், நாதமுனிகளின் வம்சத்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888–1989), தம் பதினாறாம் பிராயத்தில் ஆழ்வார்திருநகரியில் யோகரகஸ்யத்தை நாதமுனிகளின் அருளால் பெற்றதாகச் சொல்லி வந்தார். மைசூரிலும் சென்னையிலும் அவர் கற்பித்த ஆசனப் பிராணாயாம முறைகள், பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் முதலான சிஷ்யர்களால் உலகெங்கும் பரவின. 2015 முதல் ஜூன் 21 உலக யோக தினமாகக் கொண்டாடப்படுகிறது. உடல் நலம் வேண்டியும் மன அமைதி வேண்டியும் பலர் இதில் ஈடுபடுவது நன்றே. நாதமுனிகளின் சரிதமோ அதற்கும் மேலான ஒரு படியைக் காட்டுகிறது: அடங்கிய மனம் யாரிடம் சென்று சேரவேண்டும் என்பதே அது.

யோகரகஸ்யம் தவறிப்போனாலும் நம் ஸம்பிரதாயம் வறுமைப்படவில்லை. உய்யக்கொண்டார் காத்த வழி ஆளவந்தாரிடமும், பிறகு எம்பெருமானாரிடமும் சேர்ந்து சரணாகதி நெறியாக வளர்ந்தது. யோகாப்யாஸத்திற்கு உடல் வலிமையும் ஓய்வும் குருவும் வேண்டும். சரணாகதிக்கோ தன் இயலாமையை உணர்ந்த நெஞ்சு போதும். விபீஷணன் வந்து அபயம் பெற்றதும் இந்தக் கரையிலே. சரணம் அடைபவனுக்கு வழிகாட்டவே போலும், சரண் அளிக்கும் பெருமானும் இங்கே புல்லணையில் நியமத்தோடு கிடந்தான்.

ஸேதுவில் நீராடி வரும் அடியார்கள் சந்நிதியில் சற்று நேரம் அமர்ந்து, மூச்சைச் சீராக்கி, மனத்தைப் புல்லணைப் பெருமாள் திருவடியில் நிறுத்துவார்களாக. அது நாதமுனிகளின் யோகத்தில் ஒரு துளி. பின்னர், இனி எல்லாம் நின் பொறுப்பு என்று தலை வணங்குவார்களாக. அது உய்யக்கொண்டார் காத்த பொருள். இரண்டையும் பெற்று, ஆதி ஜகந்நாதன் அருளால் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறையாத பக்தியும் எய்துவார்களாக.

சுபம்.