அயலார் உரிமைக்காகப் பேசிய பெரியார்

மலைநாட்டுத் தமிழரின் வாக்குரிமை பறிபோன வரலாற்றை எண்ணுந்தோறும் தந்தை செல்வநாயகம் அவர்களே நம் நினைவில் முன்னிற்கின்றார்.

அன்னார் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி மலாயாவிலுள்ள ஈப்போ நகரிற் பிறந்தார். இளமையிலே தெல்லிப்பழைக்கு வந்து கல்வி பயின்றார். சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின் அப்புக்காத்தாகிக் கொழும்பிற் புகழ்பெற்றார். 1947இற் காங்கேசன்துறைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார்.

அத்தேர்தலிலே தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தாற் போதாது. தந்தையாதல், பாட்டனும் பூட்டனுமாதல் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். ஈப்போவிற் பிறந்த செல்வநாயகம் வமிசவழியாற் பிரஜையானார். தேயிலைத் தோட்டத்திற் பிறந்து வேறு மண் அறியாத பல்லாயிரவர் பிரஜைகளாகவில்லை. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் பறித்தது.

ஓரினத்தார்க்கு மாத்திரம் இடையூறு விளைக்குஞ் சட்டம் ஆக்கலாகாதெனச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. ஆயின் புதிய சட்டங்கள் எவ்வினத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. வழக்குப் பிரிவிக் கவுன்சில்வரை சென்றும், அவை செல்லுமென்றே 1953இல் தீர்ப்பாயிற்று.

செல்வநாயகம் இச்சட்டங்களை எதிர்த்து நின்றார். தமிழ்க் காங்கிரஸ் தலைமை அரசாங்கத்துடன் சேர்ந்தபின் அதனின்றும் பிரிந்து, 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். தோட்டத் தொழிலாளர் அவர் தொகுதியினரல்லர். அவர்களுக்காகப் பேசியதால் அவருக்குக் காங்கேசன்துறையில் ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. 1952இல் அங்கே தோற்றார், 1956இல் வென்றார். 1957இற் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தஞ் செய்தபோதும் பிரஜாவுரிமைச் சட்டத்தை மறவாது எடுத்துரைத்தார். அவ்வொப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1964இல் இரு அரசாங்கங்களும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டன. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 29ஆம் பிரிவும் 1972இன் புதிய யாப்பில் இடம்பெறாது போயிற்று.

அன்னார் 1977 ஏப்ரல் 26இற் காலமானார். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளிக்குஞ் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

கிறித்தவராகிய இப்பெரியாரை இந்து வாலிபராகிய நாம் ஏன் போற்றுகின்றோம்? தம் உரிமை பத்திரமாயிருக்கையில் அயலார் உரிமைக்காக வருந்தியமையாலன்றோ! தம்பிமாரே, தங்கைமாரே, வாக்காளர் இடாப்பிலே உங்கள் பெயரைக் கண்டதும் அமைந்துவிடாதீர்கள். அயல்வீட்டாரின் பெயரும் உண்டோவெனப் பாருங்கள். இல்லையெனில் அவர்களுக்குத் துணையாய்ச் சென்று பதிவு செய்வியுங்கள். நாம் அன்னாருக்குச் செய்யத்தக்க அஞ்சலி அதுவே.